பழைய கல்கத்தா வரைபடத்தை டைல்களாக்குவது எப்படி

இந்திய இம்பீரியல் கெசட்டியரின் 26ஆம் தொகுதி முழுக்க ஒரு அட்லஸ். 1909இல் வெளியானது. வரைபடங்களைச் செய்து கொடுத்தவர் எடின்பரோவின் ஜே. ஜி. பார்த்தலோமியு. கல்கத்தாவுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் அதில் தனியாகத் தாள் உண்டு. அந்தத் தாளில் தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டைத் தேடினால் கிடைக்காது. ராஷ்பிகாரி அவென்யூ கிடையாது, ஏரியும் கிடையாது. கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தொடங்கியதே 1912இல்தான். 1920களில் அந்த டிரஸ்ட் சுமார் 192 ஏக்கர் சதுப்புக் காட்டைக் கையகப்படுத்தி, ஒரு பக்கம் தோண்டி ஏரியாக்கி, இன்னொரு பக்கம் மேடாக்கிச் சாலையும் மனையும் போட்டது. அதுதான் டாகுரியா ஏரி. 1958இல் அது ரவீந்திர சரோவர் ஆனது. சந்தை அந்த ஏரியின் பேரைச் சுமக்கிறது. வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பித்தூளும் கேட்டவுடன் கிடைக்கிற இந்தத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. தாங்கள் குடிவருவதற்கு முன் இந்த மண் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்தப் பழைய தாளைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

ஆனால் தாளைத் தனியாகப் பார்த்தால் பாதி விஷயம்தான் புரியும். இன்றைய கைப்பேசி வரைபடத்தின் மேல் அதை அச்சு அசலாகப் பொருத்தி விரித்து, நம் வீட்டு வாசல் இருக்கும் இடத்தில் 1909இல் என்ன இருந்தது என்று பார்க்க முடிந்தால்தான் அது பேசத் தொடங்கும். இதற்குப் பெரிய கம்பெனியோ விலை கொடுத்து வாங்கும் மென்பொருளோ தேவையில்லை. சாதாரண லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவித்தொகுப்பு, டெர்மினலில் தட்டும் நான்கைந்து கட்டளைகள், பொறுமையாக ஒரு மாலைப்பொழுது, இவ்வளவு போதும். கட்டளைகள் எளியவை. கவனம் முழுவதும் தேவைப்படுவது படத்தை மண்ணோடு பிணைக்கும் இடத்தில். பெரும்பாலான பழைய வரைபடங்கள் இணையத்தில் கோணலாக நிற்பதற்குக் காரணம் அந்த இடத்தில் காட்டிய அவசரம் என்பது என் எண்ணம்.

முதலில் டைல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கைப்பேசியில் வரைபடத்தைத் திறக்கும்போது உலகம் முழுவதும் ஒரே படமாக வந்து இறங்குவதில்லை. 256 பிக்சல் அகலமும் 256 பிக்சல் உயரமும் உள்ள சிறு சதுரங்களாக வருகிறது. திரையில் தெரியும் பகுதிக்கு எந்தச் சதுரங்கள் தேவையோ அவை மட்டும் வரும். ஜூம் 0இல் உலகம் முழுவதும் ஒரே சதுரம். ஜூம் 1இல் அது நான்காகப் பிரிகிறது, ஜூம் 2இல் பதினாறாக. ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்கு. ஜூம் 15க்கு வரும்போது உலகத்துக்குச் சுமார் 107 கோடி சதுரங்கள். 2005இல் கூகுள் மேப்ஸ் இந்த முறையில் வந்த பிறகு ஏறக்குறைய எல்லாரும் இதே கணக்கைப் பின்பற்றுகிறார்கள்.

ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று எண்களில் ஒரு முகவரி உண்டு: ஜூம், மேற்கிலிருந்து எத்தனையாவது நெடுவரிசை, வடக்கிலிருந்து எத்தனையாவது கிடைவரிசை. லேக் மார்க்கெட் இருக்கும் சதுரத்தின் முகவரி 15, 24425, 14279. காளிகாட் மெட்ரோ நிலையமும் அதே சதுரத்துக்குள்தான் வருகிறது. கொல்கத்தாவின் அட்சரேகையில் அந்தச் சதுரத்தின் ஒரு பக்கம் மண்ணில் சுமார் 1,130 மீட்டர். ஆக ஒரு பிக்சல் என்பது தரையில் ஏறக்குறைய 4.4 மீட்டர். இந்த 4.4 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டைல் செய்வது என்றால், நம்மிடம் இருக்கும் ஒரே பெரிய படத்தை இந்த உலகச் சதுரக் கட்டத்தின்படி வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதன் முகவரிக்குரிய கோப்புறையில் போடுவது. ஜூம் எண்ணுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் நெடுவரிசைக்கு ஒரு கோப்புறை, அதற்குள் கிடைவரிசை எண்ணைப் பெயராகக் கொண்ட படக்கோப்பு. முகவரியே கோப்பின் பாதையாகிவிடுவதால் மறுமுனையில் டேட்டாபேஸோ சிறப்பு சர்வரோ வேண்டாம். வெறும் கோப்புறையை இணையத்தில் ஏற்றினாலே வரைபடம் வேலை செய்யும்.

இதையெல்லாம் செய்யும் கருவித்தொகுப்பின் பெயர் ஜிடால். ஃபிராங்க் வார்மர்டாம் என்ற கனடாக்காரர் 1998இல் எழுதத் தொடங்கினார். வரைபட மென்பொருள்களில் பெரும்பாலானவை, விலைக்கு விற்கப்படுபவை உட்பட, உள்ளே இதைத்தான் பயன்படுத்துகின்றன. உபுண்டுவில் ஒரே வரியில் நிறுவிவிடலாம். விண்டோஸில் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை நிறுவினால் கூடவே ஜிடாலும் வந்துவிடும். கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

முதல் கட்டளை எப்போதும் ஜிடால் இன்ஃபோவாக இருக்க வேண்டும். கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது யார், என்ன என்று சொல்லிவிடும்: எத்தனை பிக்சல் அகலம், எத்தனை உயரம், எத்தனை வண்ணப் பட்டைகள், ஒவ்வொன்றும் 8 பிட்டா 16 பிட்டா, மண்ணோடு ஏதாவது பிணைப்பு இருக்கிறதா. ஸ்கேன் செய்த பழைய தாளுக்கு அந்தக் கடைசி விஷயம் வெறுமையாக இருக்கும். மேல் இடது மூலை 0, 0 என்றும், கீழ் வலது மூலை பிக்சல் எண்ணிக்கை என்றும் காட்டும். அதாவது அந்தப் படத்துக்குக் கிடைவரிசையும் நெடுவரிசையும் மட்டுமே தெரியும். அது கல்கத்தாவின் படம் என்பது நமக்குத்தான் தெரியும், கணினிக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சொல்லிக் கொடுக்கும் வழி ஜிசிபி எனப்படும் தரைப் பிணைப்புப் புள்ளிகள். படத்தில் இந்த பிக்சல், மண்ணில் இந்தத் தீர்க்கரேகை, இந்த அட்சரேகை என்று ஒவ்வொரு புள்ளியாகக் கொடுப்பது. 1909 தாளிலும் இருக்க வேண்டும், இன்றைக்கும் அதே இடத்தில் நிற்க வேண்டும், அப்படிப்பட்ட இடங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. எஸ்பிளனேடில் நிற்கும் ஷஹீத் மினார் முதல்தரமான புள்ளி. 1828இல் ஆக்டர்லோனி நினைவுத்தூணாகக் கட்டியது, 1969இல் பெயர்தான் மாறியது, இடம் மாறவில்லை. 1847இல் திறந்த செயின்ட் பால்ஸ் கதீட்ரலும் நல்ல புள்ளி. 1934 நிலநடுக்கத்தில் அதன் கூர்கோபுரம் விழுந்து, பிறகு வேறு வடிவில் கட்டினார்கள் என்றாலும் அடித்தளம் அதேதான். லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் காளிகாட் கோயில். இன்றைய கோயில் கட்டடம் 1809ஐச் சேர்ந்தது.

தவறாக இழுத்துக்கொண்டு போகும் புள்ளிகளும் இந்த ஊரில் நிறைய உண்டு. ஹௌரா பாலம் கண்ணில் பளிச்சென்று படும், ஆனால் 1909 தாளில் இருப்பது 1874இன் மிதவைப் பாலம். இப்போது இருப்பது 1943இல் திறந்தது, சற்றுத் தள்ளிக் கட்டியது. அதை வைத்துப் பிணைத்தால் ஊர் முழுவதும் நகர்ந்துவிடும். ஹூக்ளியின் கரையையும் நம்பக் கூடாது. 1840களில் ஆற்றில் இறங்குவதற்காகக் கட்டிய பிரின்செப் படித்துறை இன்று தண்ணீரை விட்டு விலகித் தரையில் நிற்கிறது, நதி அவ்வளவு நகர்ந்திருக்கிறது. 1770களில் வெட்டிய டாலி நல்லாவின் கரையும் அப்படித்தான். விக்டோரியா மெமோரியலைத் தாளில் தேட வேண்டாம், அது திறந்தது 1921இல்.

லேக் மார்க்கெட் பக்கம்தான் சிக்கல். நமக்கு வேண்டிய இடத்தில் அப்போது ஒன்றுமே இல்லை, சதுப்புதான். பிணைக்க எதுவும் இல்லாத வெற்றிடத்தை அதைச் சுற்றியுள்ள புள்ளிகளால்தான் தாங்க வேண்டும். இங்கே ரயில் பாதை கைகொடுக்கிறது. பாலிகஞ்சிலிருந்து பஜ்பஜ் போகும் தடம் இன்றைய ஏரியின் தெற்கு ஓரமாகப் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போட்ட பாதை அது. பாலிகஞ்ச் ஜங்ஷனில் தடம் பிரியும் இடம் ஒரு புள்ளி, டாலி நல்லாவைத் தடம் கடக்கும் பாலம் இன்னொரு புள்ளி. வடமேற்கில் காளிகாட் கோயில். மூன்றுக்கும் நடுவில் வெற்றிடம் அகப்பட்டுக்கொண்டது. பிணைப்புப் புள்ளிகளைத் தாளின் நடுவிலேயே குவிக்காமல் நாலு ஓரங்களுக்கும் பரப்ப வேண்டும் என்பதன் காரணம் இதுதான். புள்ளிகளுக்கு வெளியே உள்ள பகுதியில் கணக்கு வெறும் ஊகம் ஆகிவிடும்.

புள்ளிகளை மவுஸால் குறிக்க கியூஜிஐஎஸ்ஸில் உள்ள ஜியோரெஃபரன்சர் வசதியானது. அது ஒவ்வொரு புள்ளியும் மற்றவற்றோடு எவ்வளவு முரண்படுகிறது என்ற எண்ணையும் காட்டும். ஒரே ஒரு புள்ளி மட்டும் பெரிய எண்ணோடு நின்றால், அநேகமாகத் தவறான தெருமுனையைத் தொட்டிருக்கிறோம். டெர்மினலிலேயே செய்வதானால் ஜிடால் டிரான்ஸ்லேட் கட்டளையில் ஜிசிபி என்ற தெரிவை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருமுறை எழுத வேண்டும். அதன்பின் நான்கு எண்கள்: இடமிருந்து எத்தனையாவது பிக்சல், மேலிருந்து எத்தனையாவது பிக்சல், தீர்க்கரேகை, அட்சரேகை. ஷஹீத் மினார் படத்தில் 2140, 1385 என்ற இடத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 2140 1385 88.3494 22.5629 என்று வரும். கூடவே இந்த எண்கள் இபிஎஸ்ஜி 4326ஐச் சேர்ந்தவை, அதாவது ஜிபிஎஸ் தரும் சாதாரண அட்ச, தீர்க்கரேகைகள் என்று சொல்லிவிட வேண்டும்.

பேச்சில் நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியிருக்கிறோம். இங்கே தீர்க்கரேகைதான் முதலில். மாற்றிப் போட்டால் கல்கத்தா வடதுருவத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள் போய் விழும். வலை வரைபடங்கள் 85 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடுவதால் தாள் கண்ணுக்கே தெரியாது. பிழைச் செய்தியும் தெளிவாக வராது. வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனவே படம் காணாமல் போனால் முதலில் இந்த வரிசையைச் சரிபாருங்கள்.

சிலர் கட்டடங்களைத் தேடும் சிரமமே இல்லாமல், தாளின் ஓரத்தில் அச்சாகியுள்ள அட்ச, தீர்க்கரேகை எண்களை வைத்தே நான்கு மூலைகளையும் பிணைத்துவிடலாம் என்று பார்ப்பார்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்களில் இந்த ஆசை இயல்பாக வரும். லேக் மார்க்கெட் வருவது 79 பி/6 என்ற தாளில். ஓரத்தில் எண்கள் ஒழுங்காக இருக்கும். ஆனால் பழைய தாள்களில் அந்த எண்களை அப்படியே ஜிபிஎஸ் எண்களாக எடுத்துக்கொள்ள முடியாது. பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற நில அளவையாளர் கணக்கிட்ட நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை அவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறு நீள்கோளம், வேறு தொடக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொல்கத்தாவில் கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல், பெரும்பாலும் கிழக்கு மேற்காக. லேக் மார்க்கெட் கிழக்கே தேசப்ரிய பூங்காப் பக்கம் போய் நிற்கும். நகரின் படத்தில் இது கண்ணை உறுத்தும் பிழை. தாள் எந்த அடிப்படையில் அச்சானது என்று சொல்லிவிட்டால் ஜிடாலே மாற்றிக் கணக்கிட்டுக்கொள்ளும். சொல்லாவிட்டால் அதற்குத் தெரிய வழியில்லை.

இன்னும் பழைய தாள்களில் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு, அது நம் சென்னையோடு தொடர்புடையது. அந்நாளில் இந்திய வரைபடங்களின் தீர்க்கரேகைகள் எல்லாம் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு கணக்கிடப்பட்டன. அந்த ஆதார எண்ணே சுமார் இரண்டரை நிமிடம் கூடுதலாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் திருத்தினார்கள். திருத்தத்துக்கு முந்தைய தாள்களின் ஓரத்தில் சென்னையின் தீர்க்கரேகை என்னவென்று எடுத்துக்கொண்டார்கள் என்பது பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். இரண்டரை நிமிடம் என்பது கொல்கத்தாவின் அட்சரேகையில் நாலு கிலோமீட்டருக்கும் மேல். ஓர எண்ணை நம்பினால் லேக் மார்க்கெட் கஸ்பாவைத் தாண்டி பைபாஸ் சாலையை நெருங்கிவிடும். ஆகவே பழைய தாளின் ஓரக் குறிப்புகளைப் படிப்பதும் வேலையின் ஒரு பகுதி. ஸ்கேன் செய்கிறவர்கள் ஓரத்தை வெட்டிவிடாமல் முழுத்தாளையும் எடுத்து வைக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

புள்ளிகளைக் கொடுத்தாயிற்று. இந்நிலையில் படம் இன்னும் அசையவில்லை, புள்ளிகள் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அசைப்பது ஜிடால் வார்ப். ஈர வேட்டியைக் கொடியில் போட்டு முனைகளை இழுத்துச் சுருக்கம் எடுப்பதுபோல, ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்துக்கு வரும்வரை படத்தை இழுத்து நேராக்கும் கட்டளை அது. எப்படி இழுப்பது என்று நாம் சொல்லலாம். முதல்படி என்றால் நகர்த்தும், சுழற்றும், சரிவாக நீட்டும். நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். அதற்கு மூன்று புள்ளிகள் போதும். இரண்டாம்படிக்கு ஆறு, மூன்றாம்படிக்குப் பத்து. தின் பிளேட் ஸ்ப்ளைன் என்ற இன்னொரு முறை ஒவ்வொரு புள்ளியையும் மிகச் சரியாக அதன் இடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கும்.

அந்தக் கடைசி முறை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முறையாக அளந்து அச்சிட்ட தாளுக்கு நான் முதல்படியையே பரிந்துரைப்பேன். ஸ்ப்ளைன் நம் பிழையையும் சேர்த்து மதிக்கும். ஒரு புள்ளியைத் தவறாக வைத்தால் அந்த இடத்தில் தெருக்கள் வளைந்து நெளியும், ஆனால் புள்ளி மட்டும் சரியாகப் பொருந்தியதாகத் தெரியும். முதல்படியில் தவறான புள்ளி முரண்பட்டு வெளியே தெரிந்துவிடும். தாள் மடிந்து, ஈரத்தில் சுருங்கி, பிய்ந்து போயிருந்தால் மட்டும் ஸ்ப்ளைன் பக்கம் போகலாம், அதுவும் நிறையப் புள்ளிகள் இருந்தால்.

வார்ப் கட்டளையில் இன்னும் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். சேரும் இடம் இபிஎஸ்ஜி 3857, அதாவது வலை வரைபடங்கள் எல்லாம் பயன்படுத்தும் மெர்கேட்டர். ரீசாம்பிளிங், அதாவது இழுத்த படத்தின் புதிய பிக்சல்களுக்கு வண்ணம் கணக்கிடும் முறை, கியூபிக். பழைய எழுத்துகளும் மெல்லிய கோடுகளும் இதில் நன்றாக வரும். நிலப்பயன்பாட்டு வரைபடம்போல ஒவ்வொரு வண்ணமும் ஒரு எண்ணைக் குறிக்கும் படமானால் மட்டும் அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடுக்கும் முறை வேண்டும், இல்லாவிட்டால் வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் இல்லாத மூன்றாம் வகை ஒன்று முளைக்கும். மூன்றாவது, வெளி ஓரத்தை ஒளிபுகும்படி ஆக்கும் ஆல்ஃபா பட்டை. அதை மறந்தால் சாய்ந்து திரும்பிய படத்தின் நாலு மூலைகளிலும் கறுப்பு முக்கோணங்கள் நிற்கும், அவற்றின் அடியில் இன்றைய ஊர் மறைந்துவிடும்.

வார்ப் முடிந்ததும் ஒரு சிறு சோதனை. ஷஹீத் மினாரும் லேக் மார்க்கெட்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. தாளில் உள்ள மினாரிலிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால் அது இன்றைய வரைபடத்தில் சந்தையின் பக்கத்தில் இறங்க வேண்டும். மினார் பிணைப்புப் புள்ளியே என்பதால் இது மட்டும் போதாது. பிணைப்பில் பயன்படுத்தாத இரண்டு மூன்று இடங்களையும் தனியாக வைத்துக்கொண்டு சரிபார்த்தால்தான் பொருத்தம் உண்மையா என்று தெரியும்.

அடுத்தது எவ்வளவு ஆழம் போவது. வார்ப் செய்த கோப்பின் மேல் மறுபடியும் ஜிடால் இன்ஃபோ ஓட்டினால் பிக்சல் அளவு தெரியும். ஆனால் 3857இன் மீட்டர் மண்ணின் மீட்டர் ஆகாது. மெர்கேட்டர் துருவங்களை நோக்கிப் போகப் போக நீட்டிக்கொண்டே போவதால் கொல்கத்தாவில் அது சுமார் 8 விழுக்காடு அதிகமாகக் காட்டும். மண்ணில் 4.4 மீட்டர் இருக்கும் ஜூம் 15 பிக்சல் அங்கே 4.78 என்று வரும். ஜூம் 16க்கு 2.39, ஜூம் 17க்கு 1.19. உங்கள் கோப்பின் எண் இவற்றில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை.

ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் சர்வே தாளை எடுத்துக்கொள்வோம். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் மண்ணில் சுமார் 5.4 மீட்டர். அதற்கு ஜூம் 15 போதும். 600 டிபிஐ என்றால் சுமார் 2.7 மீட்டர், ஜூம் 16 வரை போகலாம். அதற்கு மேல் போனால் படம் பெரிதாகுமே தவிர புதிதாக ஒன்றும் தெரியாது. கோப்புகள் மட்டும் படிக்கு நான்கு மடங்காகப் பெருகும். பத்துக்குப் பத்து கிலோமீட்டர் பரப்புக்கு ஜூம் 15இல் சுமார் நூறு டைல்கள். ஜூம் 18க்குப் போனால் ஐந்தாயிரம். ஒரு தாளை ஜூம் 20 வரை வெட்டச் சொல்லிவிட்டு, லேப்டாப் ராத்திரி முழுவதும் ஓடியும் முடியவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பெருக்கலைத்தான் காட்ட வேண்டும். ஜூமைக் கூட்டுவதற்குப் பதில் நல்ல ஸ்கேனைத் தேடுங்கள்.

வெட்டும் கட்டளை ஜிடால்-டு-டைல்ஸ். பீட்டர் பிரிடல் என்ற செக் நாட்டு இளைஞர் 2007, 2008இல் கூகுளின் கோடைக்கால மாணவர் திட்டத்தில் எழுதியது. ஜூம் 11 முதல் 16 வரை என்று சொல்லி, கோப்பின் பெயரையும் டைல்கள் போய்ச்சேர வேண்டிய கோப்புறையையும் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். ஆழமான ஜூமை முதலில் வெட்டி, பிறகு நான்கு நான்காகச் சேர்த்துச் சுருக்கி மேலே வரும். லேப்டாப்பில் நான்கு கோர் இருந்தால் புராசஸ் எண்ணிக்கை நான்கு என்று சொல்லுங்கள், நேரம் வெகுவாகக் குறையும். நடுவில் மின்சாரம் போனால் ரெசியூம் தெரிவோடு மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முழுக்க ஒளிபுகும் வெற்று டைல்களை எழுதாமல் விடச் சொல்லும் தெரிவும் உண்டு, இணையத்தில் ஏற்றும்போது அது இடத்தை மிச்சப்படுத்தும்.

இந்தக் கட்டளையில் எல்லாரையும் ஒருமுறையாவது தடுக்கி விடுகிற கல் ஒன்று இருக்கிறது. கிடைவரிசையை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது? கூகுளும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பும் வடக்கிலிருந்து எண்ணுகின்றன. டிஎம்எஸ் என்ற பழைய வழக்கம் தெற்கிலிருந்து எண்ணுகிறது. ஜிடால்-டு-டைல்ஸ் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தெற்கிலிருந்துதான் எண்ணும். அப்போது நம் சதுரத்தின் கிடைவரிசை 14279 என்பதற்குப் பதிலாக 18488 ஆகிவிடும். வடக்கிலிருந்து எண்ணும் வரைபடத்தில் அந்த முகவரி பூமத்தியரேகைக்குத் தெற்கே இருபத்திரண்டரை டிகிரியில், இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கிறது. லேக் மார்க்கெட் கடலில் மிதக்கும், கொல்கத்தாவில் ஒன்றும் தெரியாது. எக்ஸ்-ஒய்-இசட் என்ற தெரிவைச் சேர்த்தால் போதும், ஜிடால் 3.1இலிருந்து அது இருக்கிறது. 2025இல் வந்த 3.11 பதிப்பில் ஜிடால் ராஸ்டர் டைல் என்ற புதிய கட்டளை சேர்ந்திருக்கிறது. அது வடக்கிலிருந்துதான் எண்ணுகிறது, வேகமும் அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய தாளோடு இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் சேர்க்க விரும்பினால் சென்டினல்-2 இலவசமாகக் கிடைக்கிறது. கொல்கத்தா வருவது 45கியூஎக்ஸ்இ என்ற சதுரத்தில், பிக்சலுக்கு 10 மீட்டர். மண்ணோடு பிணைந்தே வருவதால் ஜிசிபி வேலை கிடையாது. ஒரே ஒரு தடங்கல், அது 16 பிட் படம். ஜிடால்-டு-டைல்ஸ் 8 பிட்டைத்தான் ஏற்கும். ஜிடால் டிரான்ஸ்லேட்டில் ஸ்கேல் என்ற தெரிவால் 0 முதல் 3000 வரையுள்ள மதிப்புகளை 0 முதல் 255க்குள் சுருக்கினால் பார்க்கத் தகுந்த படம் வரும். 10 மீட்டரில் வீடுகள் தெரியாது. ஏரியின் வடிவமும் மரங்களின் பச்சையும் ரயில் தடமும் தெளிவாகத் தெரியும். 1909 தாளின் சதுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது தாராளமாகப் போதும்.

டைல்கள் தயாரானதும் அவற்றைத் திரையில் காட்டும் லீஃப்லெட் வலைப்பக்கம் ஒன்றையும் கட்டளையே எழுதித் தரும். அதைத் திறந்து பார்த்து, சரியென்றால் கோப்புறையோடு இணையத்தில் ஏற்றிவிடலாம். அடியில் இன்றைய தெருக்கள் தெரிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து, மேலே நம் தாளின் ஒளிபுகாத் தன்மையைப் பாதியாகக் குறைத்தால் இரண்டும் ஒருங்கே தெரியும். அவர்களுக்கு உரிய நன்றிக் குறிப்பைத் திரையின் மூலையில் போட வேண்டியது கட்டாயம். அவர்களுடைய டைல்களை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்வதும் கூடாது, தன்னார்வ நன்கொடையில் ஓடும் சர்வர் அது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கையாள்வது தொல்லையாக இருந்தால் எம்பிடைல்ஸ் என்ற ஒற்றைக் கோப்பில் அனைத்தையும் அடைக்கலாம். நெட் இல்லாத இடத்தில் கைப்பேசி செயலியில் திறந்து காட்ட அது வசதி.

சட்டத்துக்குப் பயப்படத் தேவையில்லை. அரசு வெளியீடுகளுக்கு இந்தியாவில் பதிப்புரிமை 60 ஆண்டுகள்தான், 1909 தாள் அதை எப்போதோ கடந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடம் செய்ய முன் அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை. ஸ்கேனை வெளியிட்ட நூலகம் ஏதாவது நிபந்தனை வைத்திருந்தால் அதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எதைப் பாதுகாப்பது என்பது. டைல்கள் அழிந்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி வெட்டிவிடலாம். திரும்பக் கிடைக்காதவை முழு ஓரத்தோடு எடுத்த மூல ஸ்கேனும், பிணைப்புப் புள்ளிகள் எழுதிய கோப்பும். கியூஜிஐஎஸ் அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே சேமிக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே அது எந்தக் கட்டடத்தின் எந்த மூலை, ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தமிழில் ஒரு குறிப்புக் கோப்பு எழுதி, ஓட்டிய கட்டளைகளையும் வரிசையாக அதிலேயே ஒட்டி, மூன்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். நாளைக்கு இன்னும் தெளிவான ஸ்கேன் ஒருவருக்குக் கிடைக்கலாம், அல்லது காளிகாட் பக்கத்தில் இன்னும் நல்ல புள்ளி ஒன்றை நீண்டநாள் அங்கே இருக்கும் ஒருவர் காட்டலாம். அப்போது அவர் ஒரு வரியைத் திருத்தி, அதே கட்டளைகளை மறுபடி ஓட்டினால் போதும்.